அம்மாவின் ரப்பர் செருப்பும் எங்கள் எலெக்ட்ரிக் காரும்

எலெக்ட்ரிக் கார் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. அதன் பிறகு எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சுவிட்ச் போர்டு எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார் என் கணவர். "மாப்பிள்ளை எதையோ தேடுறாரே, என்னத்தா?" என்று பெரியப்பா வீட்டில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டே விட்டார்கள்.

வழியில் எங்களுக்குப் பிரச்னை இல்லை. சென்னையிலிருந்து திருமயம் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்துக்குச் சுமார் 400 கிலோமீட்டர். நெடுஞ்சாலை ஓட்டல்களில் வேகமாக சார்ஜ் ஏற்றும் இயந்திரம் இருக்கிறது. நாங்கள் டிபன் முடித்து, பிள்ளைகள் பாத்ரூம் போய் வருவதற்குள் காருக்கும் முக்கால் வயிறு நிறைந்துவிடும். அங்கே கேபிளும் அவர்களுடையது, பிளக்கும் அவர்களுடையது. தலைவலி தொடங்குவது அம்மா வீட்டு வாசலில்தான்.

காரோடு ஒரு சார்ஜர் தருகிறார்கள். நீளமான கேபிள், நடுவில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, அதில் பச்சை, சிவப்பு விளக்குகள். ஒரு முனை காருக்கு, மறுமுனையில் ஏ.சி., கீஸருக்கு மாட்டுவோமே, அந்தப் பெரிய மூன்று முள் பிளக். அம்மா வீட்டுத் திண்ணையில் இருந்ததோ செல்போன் சார்ஜருக்கான சின்ன பிளக் பாயின்ட்.

முதல் தடவை ஆயுத பூஜை லீவில் போனபோது, பெட்டிக்கடையில் தொங்கிக்கொண்டிருந்த கன்வர்ஷன் பிளக் ஒன்றை வாங்கி மாட்டினோம். பெரிய பிளக்கைச் சின்ன பாயின்ட்டில் செருக உதவும் அந்த வெள்ளை டப்பா எல்லோர் வீட்டிலும் ஒன்று இருக்கும். நாங்களும் அயர்ன் பாக்ஸுக்கு வருடக்கணக்காகப் பயன்படுத்தியதுதான். ராத்திரி பத்து மணிக்கு மாட்டினோம். பன்னிரண்டு மணிக்கு என் மகள் எழுந்து வந்து, "அம்மா, பொம்மை கருகுற மாதிரி வாசனை வருது" என்றாள். போய்ப் பார்த்தால் வெள்ளை டப்பா பழுப்பாகி, ஒரு பக்கம் இளகிப்போயிருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டுத் தொட்டால் அப்போதும் விரல் சுட்டது.

எங்கள் கார் சார்ஜர் சுமார் 14 ஆம்பியர் இழுக்கும். அந்தச் சின்ன பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. கரன்ட் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். இது அதைவிடவும் அதிகம். கீஸர் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு அணைந்துவிடும். அயர்ன் பாக்ஸ் சூடேறியதும் தானாக ஓய்வெடுக்கும். கார் ராத்திரி முழுக்க, எட்டு மணி நேரம், ஒரே இழுப்பாக இழுக்கும். இன்னொன்றும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சில சார்ஜர்களின் பிளக்குக்குள்ளேயே சூட்டைக் கண்டுபிடித்து நிறுத்தும் வசதி இருக்கிறது. நடுவே வேறொரு டப்பாவைச் செருகினால், சுவரோரம் எரிகிற சூடு அந்தப் பிளக்குக்குத் தெரியவே தெரியாது.

அதோடு எங்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். வந்தது பாதிதான்.

பொங்கலுக்குப் போனபோது கன்வர்ஷன் பிளக்கைத் தொடவில்லை. கிணற்று மோட்டாருக்காக அப்பா காலத்தில் போட்ட பெரிய பாயின்ட் கொல்லையில் இருந்தது. காரைச் சுற்றிக்கொண்டு போய் அங்கே நிறுத்தி மாட்டினோம். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால், 'எர்த் இல்லை' என்று அர்த்தம். எர்த் இல்லாத இடத்தில் சார்ஜர் வேலை செய்ய மாட்டேன் என்கிறது.

என் கணவர் இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். பையிலிருந்து ஒரு குட்டி அடாப்டரை எடுத்தார். ஆன்லைனில் வாங்கியதாம். 'எர்த் இல்லாத வீட்டிலும் சார்ஜ் செய்யலாம்' என்று போட்டிருந்ததாம். யார் தயாரித்தது என்று அதன்மேல் ஒரு எழுத்தும் இல்லை. சுவருக்கும் சார்ஜருக்கும் நடுவே அதைச் செருகியதும் சிவப்பு அணைந்து பச்சை வந்தது. நான் கைகூடத் தட்டினேன். அதை மறைத்து எழுதுவது நியாயமில்லை.

மறுநாள் காலை அம்மா கொல்லையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, பொங்கல் நாளாயிற்றே என்று காருக்கும் சந்தனப் பொட்டு வைக்கப் போயிருக்கிறாள். ஈரத் தரை, வெறுங்கால். திரும்பி வந்து அடுப்படியில் என்னிடம், "ஏத்தா, உங்க காரு சுர்ருங்குது" என்றாள்.

"குளிர்காலத்துல அப்படித்தாம்மா இருக்கும். எனக்கும் சென்னையில கதவத் தொட்டா சுருக்குனு இழுக்கும்" என்றேன், பால் பொங்குகிறதா என்று பார்த்தபடியே.

அம்மா அதற்கு மேல் பேசவில்லை. ஆனால் மோட்டார் பார்க்க வழக்கமாக வரும் ஒயர்மேன் அண்ணன் பொங்கல் வாங்கிப்போக வந்தபோது, அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் என்னைப்போல் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக்கொண்டு நேராகக் கொல்லைக்குப் போனார். கார் உடம்பில் பெயின்ட் இருப்பதால் அங்கே வைக்கவில்லை. என் கணவரிடம் சாவியை வாங்கி, கதவைத் திறந்து, கதவு மாட்டிக்கொள்ளும் அந்த வெறும் இரும்புக் கொக்கியில் டெஸ்டர் நுனியை வைத்தார்.

டெஸ்டர் எரிந்தது.

முதலில் போய் மோட்டார் சுவிட்சை அணைத்தார். பிறகு அந்த அடாப்டரைப் பிடுங்கி, ஸ்க்ரூவைக் கழற்றிக் காட்டினார். உள்ளே சர்க்யூட், சிப் எதுவும் இல்லை. நியூட்ரல் முள்ளிலிருந்து எர்த் முள்ளுக்கு ஒரு விரல்கடை செப்பு ஒயர். அவ்வளவுதான். எர்த் இருப்பதுபோல் சார்ஜரை நம்பவைக்க அது போதுமாம். அடுத்து சுவிட்ச் போர்டைத் திறந்தார். அங்கே ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறி இருந்தன. எப்போதோ யாரோ மாற்றி மாட்டியது. மோட்டாருக்கு அதனால் ஒன்றும் ஆகாது, ஓடிக்கொண்டிருந்தது. ஆனால், இந்த அடாப்டரைச் செருகியதும் நியூட்ரல் என்று நினைத்த கம்பியிலிருந்து 230 வோல்ட் எர்த் வழியாக நேரே காரின் உடம்புக்குப் போயிருக்கிறது. ராத்திரி முழுக்க.

"டயரு ரப்பரு. அதனால கரன்டு தரைக்கு இறங்க வழியில்ல, ஃபியூஸும் போகாது. யாராவது தொட்டாத்தான் வழி" என்றார் அண்ணன். "ஃபேஸ் சரியா இருந்திருந்தாலும் இத மாட்டக் கூடாதுங்க. நியூட்ரல் ஒயரு எங்கயாவது அறுந்துச்சுன்னா இதே கதைதான். பெரியம்மா பெயின்ட்ட தொட்டாங்க. வீல் நட்டத் தொட்டிருந்தா..." அவர் முடிக்கவில்லை. காரை அடுத்த நிமிடம் கழுவுவதாக இருந்தவன் என் மகன். வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, கால்சட்டையை மடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

என் கணவர் திண்ணையில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அம்மா சொன்னதைக் கேட்டும் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

அடாப்டர் என்றாலே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. இரு சக்கர வண்டிகளில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பிளக் என்று இருந்து, 2023-ல்தான் இந்திய தர நிர்ணய அமைவனம் பொதுவான ஒரு வடிவத்துக்குத் தரம் வகுத்தது. அதுவரைக்கும், இப்போதும்கூட, வண்டி கம்பெனியே சோதித்துத் தரும் அடாப்டர்கள் இல்லாமல் பலருக்குக் காலம் ஓடாது. அவை பிளக்கின் வடிவத்தை மாற்றுபவை. எங்களுடையது சார்ஜரிடம் பொய் சொல்வது. பெட்டிக்குள் இருந்த சிவப்பு விளக்கு ஒன்றுதான் அந்த வீட்டைப் பற்றி உண்மையைச் சொன்னது. நாங்கள் காசு கொடுத்து அதன் வாயை அடைத்திருந்தோம்.

எர்த் ஏன் இல்லை என்று அண்ணன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அப்பா போட்ட எர்த் கம்பி வேப்பமரத்தடியில் துருப்பிடித்து, மண்ணுக்கு ஒரு சாண் மேலேயே அறுந்து தொங்கியது. "இது இத்துப்போயி பத்து வருஷமாவது இருக்கும் பெரியம்மா. வேற எங்கயும் கரன்டு அடிக்கலையா?" என்றார்.

"கிரைண்டரு அடிக்கும். அது எப்பவும் அடிக்கிறதுதானப்பா" என்றாள் அம்மா, மழை பெய்யும் என்பதுபோல. "நான் செருப்பு போட்டுக்கிட்டுத்தான் மாவாட்டுவேன். ஃப்ரிட்ஜையும் துணி வச்சுத்தான் தொறப்பேன்."

அடுப்படியில் கிரைண்டருக்குக் கீழே ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு எப்போதும் கிடக்கும். கால் வலிக்காகப் போடுகிறாள் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு லீவுக்கும் வருகிறேன், அந்தக் கிரைண்டரில் ஆட்டிய மாவில்தான் தோசை சாப்பிடுகிறேன். ஒரு நாளும் கேட்டதில்லை. அம்மாவும் சொன்னதில்லை. சொன்னால் நாங்கள் செலவு செய்வோம் என்ற பயம் அவளுக்கு.

மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் வேலை நடந்தது. வேப்பமரத்தை விட்டுத் தள்ளி குழி வெட்டி, எட்டு அடி ஜி.ஐ. குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, தண்ணீர் ஊற்றி மூடினார்கள். வெயில் காலத்தில் வாரம் ஒரு குடம் ஊற்றச் சொன்னார் அண்ணன். மீட்டர் பெட்டியிலிருந்து வாசலுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரில் தனி லைன், தனி எம்.சி.பி., பெரிய பிளக் பாயின்ட். வீட்டுக்கு மொத்தமாக, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆனது. காருக்கு மேட், சீட் கவர் வாங்கியதற்கு இதைவிட அதிகம் கொடுத்திருக்கிறோம்.

சாயங்காலம் சார்ஜரை நேராகப் புதுப் பாயின்ட்டில் செருகினோம். நடுவில் எதுவும் இல்லை. பச்சை எரிந்தது. அண்ணன் டெஸ்டரை எடுத்துக் கதவுக் கொக்கியில் வைத்தார், எரியவில்லை. அவர் கிளம்பும்போது நான்தான் கூப்பிட்டு, கிரைண்டரிலும் ஃப்ரிட்ஜிலும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அங்கேயும் எரியவில்லை.

"இனிமே செருப்பில்லாம மாவாட்டலாம்மா" என்றேன்.

மறுநாள் காலை சென்னை கிளம்பும்போது வழிக்கு இட்லி கட்டித்தர அம்மா சட்னிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். கிரைண்டரில் அடுத்த வாரத்துக்கான உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். காலில் அதே நீலச் செருப்பு.

"பழகிருச்சுத்தா" என்றாள்.