ஹைட்ரோவில் வேலை, அம்மாவின் ஒரு கேள்வி

பல்கலைக்கழகம் முடிக்கப்போகும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, ஹைட்ரோ-கெபெக் மாதிரி ஒரு பெரிய கம்பனியில் வேலை செய்வது எப்படி இருக்கும்?" சம்பளம், பென்ஷன் விவரம் எல்லாம் நீங்களே தேடிப் பார்க்கலாம். மற்றதைச் சொல்கிறேன்.

இது தனியார் கம்பனி இல்லை. கியூபெக் அரசு 1944இல் தொடங்கியது. ரெனே லெவெக் அமைச்சராக இருந்தபோது, 1963இல், தனியார் மின் கம்பனிகளை அரசு வாங்கி இதனோடு சேர்த்தது. பிரெஞ்சு பேசும் எஞ்சினியர்கள் தங்கள் மொழியிலேயே பெரிய அணைகளைக் கட்டிக் காட்டிய இடம் இது. அதனால் இங்கே பிரெஞ்சு வெறும் சட்டம் இல்லை, பெருமை. மொழிக்காக எவ்வளவோ இழந்த சனத்தின் பிள்ளைகளுக்கு அது லேசாக விளங்கும்.

காலையில் இல்-பிசார் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறேன். என் மேசையில் அணையும் இல்லை, மின்கம்பமும் இல்லை. கணினியில் கணக்குத்தான். நாளைக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும், பத்து வருடத்தில் எவ்வளவு வேண்டும், எந்த வழியாகக் கொண்டுவருவது என்பதுதான் வேலை. இங்கே பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது மின்சாரம். 2023 பெப்ரவரி 3ஆம் திகதிக் குளிரில் கியூபெக்கின் தேவை 43,000 மெகாவாட் அளவுக்கு ஏறியது. எங்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சனம் உள்ள இலங்கைக்கு, உச்ச நேரத்திலும் சுமார் 3,000 மெகாவாட் போதும்.

அந்த மின்சாரத்தில் ஒரு பெரிய பங்கு வடக்கே, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஜேம்ஸ் விரிகுடாப் பக்கத்திலிருந்து வருகிறது. அவ்வளவு தூரம் வரும்போது கம்பி சூடாகி மின்சாரம் வீணாகும். வோல்ட்டேஜைக் கூட்டினால் அந்த இழப்புக் குறையும். அதற்காகத்தான் உலகத்தின் முதல் 735 கிலோவோல்ட் கம்பி வழி 1965இல் இங்கே இயங்கத் தொடங்கியது.

இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பல வருடம் கரண்ட் இல்லை. அம்மா ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர். நான் மின்சாரம் கொண்டுவரும் வேலை செய்வதில் அவருக்குப் பெரிய புளுகம். ரொபேர் புராசா அணையின் படத்தைக் காட்டினேன். நீர்த்தேக்கம் கடல் மாதிரி விரிந்து கிடந்தது. கன நேரம் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "அங்க இருந்த சனம் எங்க போனவை?"

அதற்கும் பதில் இருக்கிறது. 1971இல் திட்டத்தை அறிவித்தபோது அந்த மண்ணில் வேட்டையாடி வாழ்ந்த கிரீ மக்களை யாரும் கேட்கவில்லை. கிரீ, இனுயிட் மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1973இல் நீதிபதி ஒருவர் வேலையை நிறுத்தினார். ஒரு கிழமைக்குள் மேல் நீதிமன்றம் அதை மாற்றியது. 1975இல் ஒப்பந்தம் வந்தது. அதன் பிறகும் வேட்டை நிலம் தண்ணீருக்குள் போனது, மீன்களில் பாதரசம் ஏறியது. ஃபோர்ட் ஜார்ஜ் என்ற தீவில் இருந்த ஊர் 1980, 81இல் அப்படியே இடம்பெயர்ந்து சிசாசிபி என்ற புது ஊரானது. ஆனால் கிரேட் வேல் என்ற அடுத்த பெரிய திட்டத்தைக் கிரீ மக்கள் விடாமல் எதிர்த்தார்கள். 1994இல் அது கைவிடப்பட்டது.

"இடம்பெயர்வு" என்ற சொல்லை எங்கள் வீடுகளில் விளக்கத் தேவையில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

நான் வேலையை விடவில்லை. குளிர் காலத்தில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குச் சூடு வேண்டும், கரியையும் எண்ணெயையும்விடத் தண்ணீர் மேல் என்றே இப்போதும் நம்புகிறேன். ஆனால் புதுக் கம்பி வழி ஒன்றைப் பற்றிப் பேசும் கூட்டத்தில், வரைபடம் திரையில் வந்தவுடன், அந்தக் கோடு போகும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறேன். பெரும்பாலும் பதில் தயாராக இருக்கும். இல்லாவிட்டால், தேடிக்கொண்டு வரும்வரை காத்திருக்கிறோம்.

பெரிய கம்பனியில் நீங்கள் சின்ன ஆள்தான். அந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பெரிய ஆளாக இருக்கத் தேவையில்லை.