போர்டு அப்படித்தானுங்க

ஜேடர்பாளையத்தில் நான் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த காலத்தில், சுற்றுவட்டாரத்தில் பலருடைய கம்ப்யூட்டர் ஷட் டவுன் கொடுத்தாலும் தானாக அணையாது. இனி அணைத்துக்கொள்ளலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி திரையில் நிற்கும். உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்டவர்களிடமெல்லாம், "உங்க போர்டு அப்படித்தானுங்க, பட்டனை அமுக்கிப் பிடிச்சு நிறுத்திக்குங்க" என்றேன். அது பொய். கோளாறு போர்டில் இல்லை, நான் போட்டுக் கொடுத்த விண்டோஸில் இருந்தது. தெரிந்தேதான் போட்டேன்.

பழைய ஏடி பெட்டிகளில் சுவிட்சே நேராக மின்சாரத்தை வெட்டிவிடும். 1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் முறையைக் கொண்டுவந்த பிறகு அந்த வேலை மதர்போர்டுக்குப் போனது. மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து வரும் பச்சை ஒயரை போர்டு கிரவுண்டோடு சேர்த்து வைத்திருக்கும் வரை மின்சாரம் வரும், விட்டால் நின்றுவிடும். விடச் சொல்லி போர்டுக்கு விண்டோஸ் உத்தரவு கொடுக்க வேண்டும். அதற்கான முறைதான் 1996-இல் வந்த ஏசிபிஐ. விண்டோஸ் எக்ஸ்பியை முறையாக நிறுவினால், போர்டில் ஏசிபிஐ இருக்கிறதா என்று அதுவே பார்த்து, அதற்கேற்ற பகுதியைப் போட்டுக்கொள்ளும்.

நான் முறையாக நிறுவவில்லை. விண்டோஸ், டிரைவர், ஆபீஸ், தமிழ் எழுத்துரு என்று ஒவ்வொன்றாகப் போட்டால் அரை நாள் ஓடிவிடும். ஒரு தடவை எல்லாம் போட்டு, கோஸ்ட் என்ற மென்பொருளில் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து வைத்துக்கொண்டால் சீக்கிரம் முடியும். ஆனால் ஏசிபிஐயோடு எடுத்த நகல் வேறு வகைப் போர்டில் கிளம்பாமல் போகலாம். அதனால் நிறுவத் தொடங்கும்போதே எஃப்5 அழுத்தி, 'ஸ்டாண்டர்டு பிசி' என்பதைத் தேர்ந்தெடுத்து நகல் எடுத்தேன். அது பெரும்பாலான போர்டுகளில் ஓடும். அணைக்க மட்டும் தெரியாது. பவர் ஆப்ஷனில், ஏசிபிஐக்கு முந்தைய முறையான ஏபிஎம்முக்குரிய பக்கத்தில் ஒரு டிக் அடித்திருந்தால் சில போர்டுகளாவது தானாக அணைந்திருக்கும். அதைக்கூடச் செய்யவில்லை. செய்தால் மற்றவர்களும் வந்து கேட்பார்கள் என்று நினைத்தேன்.

என் பொய்யை அப்படியே நம்பியவர் ஒரு வெல்ல மண்டிக்காரர். பிலிக்கல்பாளையம் ஏலத்தில் வெல்லத்தைச் சிப்பம் சிப்பமாக எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறவர். "ஏனுங் தம்பி, இது நிறுத்துனா நிக்க மாட்டேங்குதே" என்று முதலில் கேட்டவரும் அவர்தான். பட்டனைப் பிடிக்கச் சொன்னேன். நாளடைவில் அந்த ஆங்கில வரி திரையில் வரும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை. ஷட் டவுன் கொடுத்த கையோடு பட்டனைப் பிடித்துவிடுவார். நாலு விநாடி பிடித்தால் மின்சாரம் அறுந்துவிடும். விண்டோஸ் கோப்புகளை எழுதி முடித்ததா என்று அந்தப் பட்டன் பார்க்காது. வெல்ல ஆலைக்காரர்களுக்குக் கணக்கு முடிக்க வேண்டிய தை மாதத்தில் கணக்குக் கோப்பு உடைந்து திறக்க மறுத்தது.

என்னிடம்தான் கொண்டுவந்தார். மீட்கப் பார்த்தேன், பாதிதான் வந்தது. மீதியைக் கைச்சிட்டையைப் பார்த்து அவரும் அவர் மகளும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து திரும்ப ஏற்றினார்கள். இரண்டு ஆலைக்காரர்களோடு பாக்கித் தொகையில் அவருக்குத் தகராறு வந்தது. அவர் என்மேல் சந்தேகப்படவே இல்லை. "நாந்தான் எதையோ தப்பா அமுக்கிட்டனாட்ட இருக்குது" என்றார். இல்லைங்க, தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் திறந்திருக்க வேண்டிய இடம் அது. நான் வேலைக்கான கூலியைச் சொன்னேன். எண்ணிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். அதே நகலையே மறுபடி போட்டு அனுப்பினேன்.

கணக்கு அவரோடு முடியவில்லை. அந்த நகலை டிவிடியில் எழுதி, பரமத்தி வேலூரிலும் கபிலர்மலையிலும் புதிதாகக் கடை போட்ட பையன்களுக்கு நானே கொடுத்தேன். "எல்லா போர்டுலயும் ஓடும்" என்று மட்டும் சொன்னேன்.