இருபத்தைந்து லிட்டர் தண்ணீர்

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடி. விளிம்புக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டு நிரப்பினால் சுமார் 25 லிட்டர் தண்ணீர். வீட்டில் வைக்கும் நன்னீர் மீன் தொட்டிகளில், ஓர் உயிரைக் கௌரவமாக வைத்திருக்கக்கூடிய மிகச் சிறிய அளவு ஏறக்குறைய இதுதான். இதைவிடச் சிறியவையும் கடைகளில் உண்டு. வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னை கொளத்தூரில், உள்ளங்கை அகலக் கண்ணாடிக் குடுவையில் ஒரு ஃபைட்டர் மீனை விட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தக் குடுவை மீனை வீடுவரை கொண்டுபோகப் போதும். அதிலேயே வைத்திருந்தால் மீன் வாழாது. சாவதற்குச் சில வாரமோ சில மாதமோ எடுத்துக்கொள்ளும்.

தொட்டி சிறிதானால் வேலையும் குறையும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது நேர்மாறு. 200 லிட்டர் தொட்டியில் ஒரு மீன் செடி மறைவில் செத்து அழுகினாலும், அதிலிருந்து வரும் அம்மோனியா அத்தனை தண்ணீரில் கலந்து நீர்த்துப்போகும். இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தாலும் மற்ற மீன்கள் பிழைத்துக்கொள்ளும். அதே மீன் 25 லிட்டரில் செத்தால் நஞ்சின் அடர்த்தி எட்டு மடங்கு. பகலில் சூடாவதும் இரவில் குளிர்வதும் ஆவியாகிக் குறைவதும் சிறிய தொட்டியில் விரைவாக நடக்கும். பெரிய தொட்டி தானாகவே தரும் அவகாசத்தைச் சிறிய தொட்டி தருவதில்லை. அந்த அவகாசத்தை வளர்ப்பவர்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். மீன் வருமுன் காத்திருந்தும், வந்தபின் தீனியைக் குறைத்தும், வாரந்தவறாமல் தண்ணீர் மாற்றியும்.

இந்த அளவுத் தண்ணீரில் உயிர்களை நிலைநிறுத்த முடியுமா என்று முறையாகச் சோதித்துப் பார்த்தவர் லண்டனில் வாழ்ந்த ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர். 1849இல், சுமார் 12 காலன் பிடிக்கும் கண்ணாடிக் கலத்தைப் பாதிவரை ஊற்றுநீரால் நிரப்பி, அதாவது 30 லிட்டருக்கும் குறைவான நீரில், இரண்டு சிறு தங்கமீன்களையும் வாலிஸ்நீரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். மீன் விடும் கரியமில வாயு செடிக்கு, செடி விடும் ஆக்சிஜன் மீனுக்கு என்பது கணக்கு. கொஞ்ச காலம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்க்க, தண்ணீர் தெளிந்தது. 1850இல் லண்டன் வேதியியல் சங்கத்தில் இதைக் கட்டுரையாக வாசித்தார். மீன், செடி, நத்தை என்ற அவருடைய கணக்கில், அன்றைக்கு யாருக்கும் தெரிந்திராத இன்னொரு கூட்டமும் வேலை செய்துகொண்டிருந்தது.

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் தண்ணீரில் அம்மோனியா சேர்கிறது. அது செவுளைப் புண்ணாக்கும். ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. ரத்தத்தில் கலந்து, ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். இப்படிப் பாதிக்கப்பட்ட மீனின் செவுள் சிவப்பு மங்கிப் பழுப்பாகத் தெரியும். தொட்டியில் காற்றுக்குமிழி எவ்வளவு கொப்பளித்தாலும் மீனுக்கு மூச்சு முட்டும். இன்னொருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகின்றன. நைட்ரேட், அளவு மீறாதவரை மீனுக்குப் பெரிய கெடுதல் செய்யாது. செடிக்கு அது உரம். இந்த இரண்டாம் வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்று 1998இல் தெரியவந்தது. இரண்டு வேலையையும் தனி ஆளாகச் செய்துமுடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகள் உண்டு என்பது 2015இல்தான் கண்டறியப்பட்டது.

புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் இருக்காது. அது குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நம் ஊர் வெப்பத்தில் கொஞ்சம் முன்னதாகவும் முடியலாம். மீன் வளர்ப்பவர்கள் இதை ‘சைக்கிளிங்’ என்பார்கள். மீன் விடாமல், தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு, ஃபில்டரை ஓடவிட்டுக் காத்திருப்பதே நேர்மையான வழி. சொட்டு மருந்து போன்ற சோதனைத் திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றால் பார்த்தால் முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து நைட்ரேட் மட்டும் காட்டும் நாளில் தொட்டி தயார். நோயில்லாத பழைய தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் இந்தக் காலம் வெகுவாகக் குறையும். மீனில்லாத தொட்டியை ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருப்பது கடினம், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் கடினம். ஆனால் வாங்கிய மறுவாரமே மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து, ‘நம்ம வீட்டுக்கு மீன் ராசியில்லை’ என்று தொட்டியைப் பரணில் ஏற்றிய வீடுகளில் பெரும்பாலும் நடந்தது இந்த ஒரு மாதத்தைத் தாண்டிக் குதித்ததுதான். ராசிக்கு அதில் பங்கில்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. மெட்ரோ வாட்டரில் கிருமி நீக்கச் சேர்க்கும் குளோரின், மீனின் செவுளையும் இந்த நுண்ணுயிர்களையும் ஒருசேரக் கெடுக்கும். வாயகன்ற வாளியில் ஒரு நாள் வைத்திருந்தால் பெரும்பகுதி போய்விடும். அவசரத்துக்குக் கடையில் ஆன்டி குளோரின் உண்டு. அது சோடியம் தயோசல்பேட். போர் தண்ணீரில் குளோரின் இல்லை. உப்பும் சுண்ணாம்பும் கூடுதல், பல இடங்களில் பி.எச். அளவும் கூடுதல், அதனால் அம்மோனியாவின் ஆபத்தும் கூடுதல். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும்: ஒன்று கடும் நஞ்சு, மற்றது அவ்வளவு தீங்கில்லாதது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் நச்சு வடிவம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பி.எச். 8 ஆனால் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டிவிடுகிறது. தொட்டியில் அழுக்கு அதே அளவுதான். நஞ்சு மட்டும் ஒன்பது பத்து மடங்கு. ஆகவே போர் தண்ணீர் வீடுகளில் மீன் எண்ணிக்கையில் இன்னும் சிக்கனம் வேண்டும். இதற்குப் பயந்து ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் சரியில்லை. தாதுக்கள் நீங்கிய அந்தத் தண்ணீரில் பி.எச். நிலையாக நிற்காது. இரண்டையும் ஒரு விகிதத்தில் கலந்து, அந்த விகிதத்தை மாற்றாமல் தொடர்வது மீனுக்கு நல்லது.

தொட்டி வைக்கும் மேசை, தண்ணீரும் கல்லும் கண்ணாடியும் சேர்ந்து 35 கிலோவைத் தாங்க வேண்டும். நேர்வெயில் விழும் சன்னலோரம் வேண்டாம். சென்னையில் ஹீட்டர் வாங்கத் தேவையில்லை. மே மாதம் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே பாடு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் 7.5 மட்டுமே. மீனின் தேவையோ சூட்டோடு சேர்ந்து ஏறுகிறது. நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறி ஒன்று காற்று வீசினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஃபில்டருக்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் போதும். விலை குறைவு, குஞ்சு மீனை உறிஞ்சாது, நுண்ணுயிர்கள் குடியிருக்க இடமும் அதுவே.

செடிகள் அழகுக்கு மட்டும் வைப்பவை என்று பலர் பிளாஸ்டிக் செடியோடு நிறுத்திவிடுகிறார்கள். உயிருள்ள செடி அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சிக்கொள்ளும். சிறிய தொட்டியில் இந்த உதவியை இழப்பது பெரிய நட்டம். வாரிங்டன் பயன்படுத்திய வாலிஸ்நீரியா இந்திய நீர்நிலைகளிலும் இயல்பாக வளர்வது. கடினத் தண்ணீரிலும் தழைக்கும். உலகமெங்கும் தொட்டிகளில் வளரும் கிரிப்டோகொரைன் வென்ட்டியை என்ற செடியின் தாயகம் இலங்கை. மங்கலான வெளிச்சம் போதும் அதற்கு. இடம் மாற்றி நட்டதும் இலையெல்லாம் கரைந்து செத்ததுபோல் கிடக்கும். பிடுங்கி எறிந்துவிடக் கூடாது. வேர் உயிரோடிருக்கும், சில வாரத்தில் புதுத்தளிர் வரும். விளக்கு நாளுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதுமானது. அதற்கு மேல் எரிந்தால் கண்ணாடியில் பாசி ஏறும்.

எந்த மீன் என்பதைக் கடைசியாக முடிவு செய்வதே முறை. தங்கமீன் இந்தத் தொட்டிக்கு ஆகாது. விரலளவில் வாங்கினாலும் ஓரளவு நன்றாக வளர்ந்தால் அரையடியைத் தாண்டும், கழிவும் மிக அதிகம். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் டேங்க் கிளீனர், தென் அமெரிக்கக் கெளுத்தி இனம். ஓரடிக்கு மேல் வளரும். கப்பி பொருந்தும், ஆனால் ஆண்களை மட்டும் நான்கைந்து வைப்பது உத்தமம். ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண் கப்பி, விந்தைப் பல மாதம் உடலில் சேமித்து, மாதத்துக்கொரு முறை குஞ்சு போட்டுக்கொண்டே இருக்கும். கேரள ஆறுகளில் வாழும் குட்டிப் பேத்தை மீன் மூன்று சென்டிமீட்டர்தான். கண்களைத் தனித்தனியே சுழற்றி நத்தையைக் குறிவைக்கும் அதன் பார்வையில் மயங்காதவர் குறைவு. ஆனால் அது அழிவாய்ப்பு இனமாகப் பட்டியலிடப்பட்டது. ஆற்றில் பிடித்ததை வாங்காமல், பண்ணையில் பொரித்தது கிடைத்தால் மட்டுமே வாங்குவதுதான் நியாயம்.

25 லிட்டருக்கு மிகப் பொருத்தம் ஒற்றை ஆண் ஃபைட்டர். தாய்லாந்து இதை 2019இல் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. தலைக்குள் இருக்கும் மடிப்பான ஓர் உறுப்பால் இது மேற்பரப்பில் வந்து காற்றையே சுவாசிக்கும். ஆக்சிஜன் குறைந்த குடுவையிலும் உடனே சாகாமல் கிடப்பதற்கு அதுதான் காரணம். காட்டில் சேற்றுக்குட்டையில்தானே வாழ்கிறது என்று குடுவைக்காரர்கள் சொல்வதுண்டு. அது வாழும் நெல்வயலும் சதுப்பும் ஆழம் குறைந்தவை, ஆனால் பரந்தவை. ஓரடித் தொட்டிக்கு மாறிய ஃபைட்டர் சில நாளில் துடுப்பை முழுக்க விரிக்கத் தொடங்கும். இலை நிழலில் தனக்கென்று தூங்குமிடம் வைத்துக்கொள்ளும். மேற்பரப்பில் நுரைக்கூடு கட்டும். தீனி போடுபவர் கிட்டே வந்தால் முன்கண்ணாடிக்கு வந்து நிற்கும். குடுவையில் அது அசையாமல் மிதந்ததைப் பார்த்துச் சோம்பேறி மீன் என்று எண்ணியவர்கள் அதே மீனைத்தான் பார்த்தார்கள். துள்ளும் மீன் என்பதால் மூடி அவசியம்.

தீனி தினம் ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் கெடுதலில்லை. சுத்தமான நீரில் பிடித்த கொசுப்புழு, ஃபைட்டருக்கு எந்த உருண்டைத் தீனியையும்விடச் சிறந்தது.

வாரம் ஒருமுறை, மெல்லிய குழாயால் அடியழுக்கை உறிஞ்சி, கால்பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். புதுத் தண்ணீர் அறை வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். ஸ்பாஞ்சை வெளியே எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிய வேண்டும். குழாயடியில் அலசினால், ஒரு மாதம் காத்திருந்து சேர்த்த நுண்ணுயிர்கள் குளோரினில் போய்விடும். ஆவியாகும் நீரை ஈடுசெய்வதில்தான் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று இருக்கிறது. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கும். மின்விசிறிக் காற்றில் நாளுக்கு அரை லிட்டர் குறைகிறது, லிட்டருக்கு 800 மில்லிகிராம் உப்புள்ள போர் தண்ணீரால் அதை நிரப்புகிறோம் என்று வைத்துக்கொண்டால், தண்ணீரே மாற்றாத ஒரு மாதத்தில் 12 கிராம் உப்பு கூடுதலாகச் சேரும். 25 லிட்டரில் அது லிட்டருக்கு 480 மில்லிகிராம் ஏற்றம். ஆகவே குறைந்ததை நிரப்ப ஆர்.ஓ. தண்ணீர், மாற்றுவதற்கு வழக்கமான கலவை.

மற்றதெல்லாம் பார்ப்பது. காலையில் விளக்குப் போட்டதும் மீன் வெளியே வருகிறதா, துடுப்பை ஒடுக்கி வைத்திருக்கிறதா, கல்லில் உரசுகிறதா, கப்பிகள் மேற்பரப்பில் வாய் பிளந்து நிற்கின்றனவா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தால் பல நோய்கள் முற்றுமுன்பே பிடிபடும். மேற்பரப்பில் மூச்சுக்குத் தவிக்கும் மீனுக்கு முதல் சிகிச்சை மருந்துப் புட்டி கிடையாது; கால்பங்குத் தண்ணீர் மாற்றமும் கூடுதல் காற்றும்தான். நீண்ட மின்வெட்டில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைகொடுக்கும். நான்கைந்து நாள் ஊருக்குப் போனால் வளர்ந்த மீனைப் பட்டினியாக விட்டுப் போகலாம். பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவை அப்படியே கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து. அன்பு மிகுதியால் ஒரு வாரத் தீனியை ஒரே நாளில் போட்டுவிடுவார்கள்.

தொட்டியைத் தொடர முடியாத நிலை வந்தால் மீனை ஏரியிலோ கிணற்றிலோ விடக் கூடாது. தமிழ்நாட்டு, கேரள நீர்நிலைகளில் இன்று டேங்க் கிளீனர் மீன்கள் பெருகி, வலையில் நாட்டு மீனுக்குப் பதிலாகச் சிக்குவதற்கு இப்படி விடப்பட்டவையும் காரணம். கடைக்காரரிடமோ வளர்க்கும் வேறொருவரிடமோ ஒப்படைக்கலாம். செடிகளை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும். நைட்ரேட் ஏறிய தண்ணீர் பூந்தொட்டிகளுக்கு நல்ல உரம். ஸ்பாஞ்சை மட்டும் ஈரம் காயுமுன் பையில் போட்டு, புதிதாகத் தொட்டி வைப்பவர் யாருக்காவது கொடுத்துவிடலாம்.