எரர் கோடும் ஒரு ஜாண் ஒயரும்

பாறையைத் தட்டும்போது மட்டும் எரர் வருகிறது. நிறுத்தினால் போய்விடுகிறது. பாப்பாரப்பட்டிக்கு வெளியே ஒரு மேட்டுக்காட்டில் நின்றிருந்த, மண் தோண்டும் ஹிட்டாச்சியின் புகார் இவ்வளவுதான். சுப்பிரமணிய சிவா தம் கடைசி நாட்களைக் கழித்து 1925-இல் கண்மூடிய ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். மண் வேலைக்கு வருகிறவர்களுக்கு இது கல்லுப் பூமி. கிணற்றை ஆழப்படுத்தினாலும், பண்ணைக்குட்டை வெட்டினாலும், கொஞ்ச ஆழத்திலேயே பக்கெட் பல் கல்லில் மோதும். பக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பாறை உடைக்கும் பிரேக்கரை மாட்டியாக வேண்டும்.

மானிட்டரில் 110 என்றும் அடுத்து 3 என்றும் இரண்டு எண்கள். 110 எஞ்சின் கூலண்ட் சூடு. 3 என்றால் அந்த லைனில் வோல்டேஜ் இருக்க வேண்டிய அளவுக்கு மேலே இருக்கிறது. ஜே1939 என்ற பொது வழக்கத்தைப் பின்பற்றும் எஞ்சின்களில், லாரியோ டிராக்டரோ ஹிட்டாச்சியோ, இந்த எண்களுக்கு இதே பொருள்தான். இந்த எரர் கோடு வந்ததும் பஸ்ஸர் கத்தும், எஞ்சின் வேகம் தானாகக் குறையும். சூடு எவ்வளவு என்று தெரியாத கண்ட்ரோலர் எஞ்சினைக் காப்பாற்ற அப்படிச் செய்கிறது. மணிக்கணக்கில் வாடகை ஓடும் வண்டிக்கு அது பெரிய அடி.

“சென்சார் மாத்தியாச்சுண்ணா. அப்பவும் அதே எரர். இப்ப கண்ட்ரோலரே போயிருக்கும்கிறாங்க. லட்சத்துக்கு மேல ஆகுமாம்” என்றார் வண்டிக்காரர். நான் கூடப் போயிருந்த மெக்கானிக் பதில் சொல்லவில்லை. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு, எலக்ட்ரிக்கல் வேலையைக் களத்தில் கற்றுக்கொண்டவர். பையை இறக்கி வைத்துவிட்டு நேராக ஆப்பரேட்டரிடம் போனார்.

“தம்பி, காலைல ஸ்டார்ட் பண்ணா வருதா?”

“இல்லண்ணா. பக்கெட் வேலைல கூட வராது. பிரேக்கர் அடிச்சா பத்து நிமிசத்துல வந்துரும்.”

பாதி வேலை இந்தப் பேச்சிலேயே முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. சென்சார் உள்ளுக்குள் செத்திருந்தால் பக்கெட்டுக்கும் பிரேக்கருக்கும் வித்தியாசம் பார்க்காது. அதிர்வில் வருகிறது என்றால் எங்கோ ஒரு இணைப்பு விட்டுவிட்டுத் தொடுகிறது. கண்ட்ரோலரின் பழைய பதிவுகளில் அதே கோடு எத்தனை முறை வந்துபோனது என்ற கணக்கும் இருந்தது. எல்லாம் பிரேக்கர் மாட்டிய பிறகு சேர்ந்தவை.

பேட்டரி இரண்டையும், எர்த் போல்ட்டையும் மீட்டர் வைத்துப் பார்த்தார். 24 வோல்ட் சரியாக இருந்தது. பிறகு எஞ்சின் மூடியைத் தூக்கினார்.

கூலண்ட் சென்சாருக்கு இரண்டே ஒயர்கள். கண்ட்ரோலர் தனக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. சென்சார் சூடு ஏற ஏறத் தன் எதிர்ப்பைக் குறைத்துக்கொள்ளும் வகை. பல சென்சார்களில் சாதாரண அறைச் சூட்டில் 2,000 ஓம்ஸுக்கு மேலே இருப்பது, தண்ணீர் கொதிக்கும் சூட்டில் 200 ஓம்ஸை ஒட்டி வந்துவிடும். எதிர்ப்பு குறையக் குறைய லைனில் வோல்டேஜும் இறங்கும். அந்த வோல்டேஜைத்தான் கண்ட்ரோலர் சூடாகப் படிக்கிறது. ஒயர் எங்காவது அறுந்தால் 5 வோல்ட் இறங்க வழியில்லாமல் அப்படியே நிற்கும், 3 வரும். ஒயர் எர்த்தில் உரசினால் வோல்டேஜ் விழுந்துவிடும், 4 வரும்.

சென்சாரின் பிளக்கைக் கழற்றினார். மானிட்டர் முன்னால் என்னை உட்காரவைத்து எண்ணைப் படிக்கச் சொன்னார். “மூணு” என்றேன். பிளக்கின் இரண்டு துளைகளையும் ஒரு சின்ன ஒயர்த் துண்டால் இணைத்தார். “நாலு.” அப்படியானால் கண்ட்ரோலர் பிழைத்திருக்கிறது; ஒயர் அறுந்திருப்பதையும் ஒட்டியிருப்பதையும் பிரித்துச் சொல்லத் தெரிகிறது. லட்ச ரூபாய்ப் பேச்சு அந்த இடத்தில் முடிந்தது. வண்டிக்காரர் பெருமூச்சு விட்டதைப் பின்னால் கேட்டேன்.

ஆனால் ஒயரும் நன்றாக இருப்பதாக அல்லவா ஆகிறது? நிற்கும் வண்டியில் அப்படித்தான் காட்டும். உள்ளே ஒரே ஒரு செம்பு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டருக்கு அது முழு ஒயர். அதனால் துண்டைக் கழற்றாமலே, ஒயர்க் கட்டைச் சாண் சாணாக ஆட்டிக்கொண்டே பின்னோக்கிப் போனார். “நாலு, நாலு, நாலு” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சேஸிஸிலிருந்து எஞ்சினுக்கு ஒயர் தாவும் இடத்தில் “மூணு!” கையை விட்டார், நாலு. மறுபடி அசைத்தார், மூணு.

எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்து தனியாகக் குலுங்கும். சேஸிஸ் வேறு மாதிரி குலுங்கும். இரண்டுக்கும் நடுவே ஒயரைப் பிடித்திருக்க வேண்டிய கிளாம்ப் இல்லை. எப்போதோ நடந்த வேலையில் யாரோ கழற்றி, திரும்பப் போடாமல் விட்டிருக்கிறார்கள். குழாய் உறையைக் கிழித்துப் பார்த்தால் ஒயர் வெளியே பளபளவென்றுதான் இருந்தது. இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். உறை மட்டும் நீண்டு கொடுத்தது. அறுத்துக் காட்டினார்: உள்ளே பச்சை பூத்த தூள், ஓர் இழை.

இரண்டு ஒயருக்கும் ஒரு ஜாண் நீளத்துக்குப் புதுத் துண்டு வைத்தார். இணைப்புகள் பக்கத்துப் பக்கத்தில் வராமல் மேலும் கீழுமாகத் தள்ளி அமைத்தார். ஈயம் வைக்கவில்லை. ஈயம் இறுகிய இடத்தை ஒட்டி ஒயர் அதிர்வில் முறியும் என்றார். ஸ்லீவை நெரித்து, மேலே சுருங்கும் டியூபை லைட்டரால் சூடாக்கி ஒட்டவைத்தார். கடைசியாக ரப்பர் வைத்த கிளாம்ப்.

அவர் பையிலிருந்த சர்க்யூட் படத்தை வாங்கிப் பார்த்தேன். நகலின் நகல். ஓரங்களில் பேனாவால் ‘சீட்டுக்குப் பின்னாடி’, ‘ஆயில் டேங்க் ஓரம்’ என்று எழுதியிருந்தார். இப்படி ஒரு கைப்பிரதியை நம்பித்தான் இத்தனை காடுகளில் வண்டிகள் ஓடுகின்றன. தயாரிப்பாளர்கள் தெளிவான படத்தை இவர்கள் கைக்கு எட்டும்படி வைக்க வேண்டும். அதைக் கேட்பது சலுகை அல்ல.

பிரேக்கர் அரை மணி நேரம் அடித்தது. கோடு வரவில்லை. கூலி பேசும்போது வண்டிக்காரர் தயங்கினார். “ஒரு ஜாண் ஒயருக்காண்ணா?” புது சென்சாருக்குக் கேட்காமல் கொடுத்த பணம் வீணாய்ப் போனது, இப்போது குறையைக் கண்டுபிடித்தவரிடம் பேரம். இந்தத் தொழிலில் இது எனக்குப் பொறுக்கவில்லை, சொல்லியும் விட்டேன். மெக்கானிக் குரலை உயர்த்தாமல், “சாமானுக்கு இல்லண்ணா, தேடினதுக்கு” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கேட்டதைக் கொடுத்தார் வண்டிக்காரர்.

கிளம்பும்போது மெக்கானிக் ஆப்பரேட்டரைக் கூப்பிட்டார். “பக்கெட் பல்லுக்கு வெல்டிங் வெக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவக் கழட்டு. கண்ட்ரோலர் பிளக்கையும் கழட்டு. எர்த் கிளாம்ப வெல்டிங் வெக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே மாட்டு. அப்படியே போட்டீன்னா, அடுத்த வாட்டி நெஜமாவே கண்ட்ரோலர் போயிரும்.” பையன் போனை எடுத்து, அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டான்.