வாத்தியாரிடம் யோசனை கேட்டால்



செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர், சில வாரங்களுக்கு முன் தம் மகளோடு என் வீட்டுக்கு வந்தார். அவள் என்னிடம் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், இப்போது எஸ்.பி.எம். முடித்திருக்கிறாள்.

"கதிர்ச் சிகிச்சைதான் படிப்பேன்னு நிக்குது வாத்தியாரையா. அந்த மெஷின் கிட்ட நின்னா நாளைக்குப் பிள்ளை பிறக்காதுன்னு லயத்துல பேசிக்கிறாங்க. நீங்கதான் புத்தி சொல்லணும்."

எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் இன்னொரு மாணவன் இதே படிப்பைக் கேட்டு வந்தான். ஒரு தனியார் கல்லூரியின் வண்ணத் தாளைப் பார்த்துவிட்டு, "நல்ல இடம், சேருங்கள்" என்று அவன் பெற்றோரிடம் சொன்னவன் நான்தான். அங்கே எக்ஸ்ரே படம் எடுக்கத்தான் கற்றுக் கொடுத்தார்கள். படம் எடுப்பது வேறு, கதிரால் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிப்பது வேறு என்பது அவனுக்கு இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்தது, எனக்கும்தான். அந்தக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான்.

ஆகவே இம்முறை விசாரித்து வைத்திருந்தேன். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் படமெடுப்பும் கதிர்ச் சிகிச்சையும் சேர்ந்த பட்டப்படிப்பு உண்டு. சிங்கப்பூரில், சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் இதற்கென்றே தனிப் பட்டம் தருகிறது. செலவுதான் நமக்கு மலைப்பு. எங்கே சேர்ந்தாலும் எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உண்டா, 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில் சட்டப்படி கதிர்ச் சிகிச்சையாளராகவே பதிந்துகொள்ள முடியுமா, எந்த மருத்துவமனையில் எத்தனை மாதம் பயிற்சி என்று கேட்டுவிட வேண்டும். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வேலை? எக்ஸ்ரே கருவி சிறிய ஊர் மருத்துவமனையிலும் இருக்கும். கதிர்ச் சிகிச்சைக் கருவி கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர் பாரு போன்ற ஊர்களில்தான். பெண் தோட்டத்துப் பக்கமே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் பயத்துக்கு என் தாயார் கதையைச் சொன்னேன். வெற்றிலை, புகையிலை போட்டுப் போட்டு வாயில் புற்று. 2017இல் ஏழு வாரம், சனி ஞாயிறு நீங்கலாக, தினமும் அழைத்துப் போனேன். அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு அந்தப் பெண்கள் வெளியே வந்து, கனத்த கதவைச் சாத்தி, கேமராவில் பார்த்துக்கொண்டே கருவியை இயக்குவார்கள். நிறுத்தியதும் அறைக்குள் கதிர் மிஞ்சி நிற்பதில்லை. அவர்கள் உடம்பில் பட்டது எவ்வளவு என்று அளக்கச் சட்டையில் ஒரு வில்லை. அவர்களில் ஒருத்தி கர்ப்பிணி. மேலதிகாரியிடம் சொல்லி வேலையை மாற்றிக்கொண்டாளாம்.

அலமாரியிலிருந்து அம்மாவின் முகமூடியை எடுத்துக் காட்டினேன். பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, முகத்தின் மேலேயே வார்த்தது. தலை அசையாமலிருக்க மேசையோடு பூட்டுவார்கள். அம்மா போய்ச் சேர்ந்து நான்கு ஆண்டாகியும் மூக்கும் தாடையும் அப்படியே இருக்கின்றன.

"பாட்டிக்கு மூச்சு முட்டலையா சார்?" என்றாள் பிள்ளை.

"முதல் நாள் அழுதாங்க. அங்கே ஒரு பொண்ணு, 'முருகன் பாட்டு ரெண்டு மனசுக்குள்ள பாடுங்க பாட்டி, முடிஞ்சிடும்'னு கையைப் பிடிச்சிட்டுச் சொன்னா. அப்புறம் அழலை."

தகப்பனார் அந்தச் சல்லடைத் துளைகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "பாரத்தை எப்ப அனுப்பணும்?" என்று மகளிடம் கேட்டார்.