மலையில்லாத ஊரில் ஒரு மலைச் சைக்கிள்

வேலை போன மூன்றாவது வாரத்தில் நான் ஒரு சைக்கிள் ஃப்ரேம் வாங்கினேன். முழு சைக்கிள் இல்லை, ஃப்ரேமும் முன் ஃபோர்க்கும் மட்டும். கதவைத் திறந்த மனைவி என் தோளில் தொங்கிய பச்சை முக்கோணத்தைப் பார்த்துவிட்டு, "மீதி எங்க?" என்றாள். "வரும்" என்றேன். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் 'வரும்' என்ற சொல்லுக்கு நல்ல பேர் கிடையாது. செட்டில்மென்ட் பணம் வரும், இன்டர்வியூ முடிவு வரும், ஹெச்.ஆர். போன் வரும் என்று ஏற்கெனவே நிறைய சொல்லியிருந்தேன்.

வாங்கியதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தேன். பன்னிரண்டு வருடம் கீபோர்டு தட்டியதில் வலது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் அவ்வப்போது மரத்துப்போகும். என்னிடம் இருந்த சைக்கிளில் நேரான ஹேண்டில் பார். அதில் கை வைக்க ஒரே இடம்தான். இருபது கிலோமீட்டர் தாண்டினால் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் பாரம் ஏறி, இரண்டு விரலும் என்னுடையவை இல்லை என்பதுபோல ஆகிவிடும். ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டில் பாரில், அதாவது டிராப் பாரில், கையை மாற்றி மாற்றி வைக்கலாம். மேலே சமமான பகுதி, பிரேக் லிவரின் தலை, கீழே வளைவு என்று குறைந்தது மூன்று இடம். விரல்கள் எனக்குச் சோறு போடுபவை. ஆகவே டிராப் பார் வேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

ஆனால் ரேஸ் சைக்கிளின் மெல்லிய டயரை வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் ஓட்ட முடியாது. நான் இருப்பது மேற்குத் தாம்பரம், முடிச்சூர் சாலைப் பக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு சாலைகள் உயர்ந்தன, வீடுகள் உயர்ந்தன, நடுவில் குழாய்க்காகத் தோண்டிய பள்ளங்கள் மூடப்பட்டு, இறங்கி, மறுபடி மூடப்பட்டன. ஒரே தெருவில் தார், சிமென்ட், ஜல்லி, செம்மண், சேறு என்று ஐந்து தரையும் கிடைக்கும். இங்கே இரண்டு அங்குல டயர் ஆடம்பரம் இல்லை. முன்பக்க சஸ்பென்ஷனும் எனக்கு வேண்டாம். விலை குறைந்த சஸ்பென்ஷன் ஃபோர்க் எடையைத் தவிர வேறெதையும் தருவதில்லை, இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். விறைப்பான ஃபோர்க், தடித்த டயர், வளைந்த ஹேண்டில். கடையில் தேடினால் இந்தச் சேர்க்கைக்கு லட்சத்துக்குக் குறையாமல் கேட்டார்கள். சம்பளம் இல்லாதவன் லட்சத்தைப் பற்றி யோசிக்கக் கூடாது.

இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. எழுபதுகளின் கடைசியிலேயே கலிஃபோர்னியாவில் சார்லி கன்னிங்ஹம் தன் மலைச் சைக்கிள்களில் டிராப் பார் மாட்டிக்கொண்டிருந்தார். 1990-இல் அமெரிக்காவின் துராங்கோவில் நடந்த முதல் அதிகாரபூர்வ உலக மலைச் சைக்கிள் போட்டியில் ஜான் டோமாக் டிராப் பாருடன் இறங்கினார். அவர் அதே காலத்தில் ரோடு ரேஸும் ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு சைக்கிளிலும் உடம்பு ஒரே மாதிரி உட்காரட்டும் என்று செய்த ஏற்பாடு. இரண்டு வேலைக்கு ஒரே உடம்பு என்ற கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. பகலில் கோடும் இரவில் கட்டுரையும் எழுதுகிறவனுக்குப் பிடிக்காமல் இருக்குமா?

ஃப்ரேம் தொண்ணூறுகளின் க்ரோமோலி எஃகு, 26 அங்குலச் சக்கரத்துக்கானது. எனக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவைவிட ஒரு அளவு சின்னதாக எடுத்தேன். காரணம் இருக்கிறது. நேர் ஹேண்டிலை எடுத்துவிட்டு டிராப் பார் மாட்டினால், கை பிடிக்கும் இடம் எட்டு, பத்து சென்டிமீட்டர் முன்னால் போய்விடும். ஃப்ரேமும் நீளமாக இருந்தால் முதுகு கயிறாகிவிடும். அதனால் ஃப்ரேம் சின்னது, ஸ்டெம் குட்டையானது. 110 மில்லிமீட்டர் ஸ்டெம்மைக் கழற்றிவிட்டு மேல்நோக்கிய 60 போட்டேன். கியருக்கு, பாரின் நுனியில் செருகும் 9 ஸ்பீடு ஷிஃப்டர். ஷிமானோவில் பொதுவாக ஒன்பது ஸ்பீடு வரை ரோடு ஷிஃப்டரும் மலைச் சைக்கிளின் பின் டீரெய்லரும் ஒத்துப்போகும். பத்திலிருந்து கேபிள் இழுக்கும் அளவு பிரிந்துவிட்டது. டியூபுக்குக் கார் வால்வு, எந்தப் பெட்ரோல் பங்கிலும் காற்றடிக்கலாம். இதையெல்லாம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு வைத்திருந்தேன். வேலையில் இல்லாதவனின் ஸ்ப்ரெட்ஷீட் மிக அழகாக இருக்கும்.

அதில் ஒரு வரிசை மட்டும் மஞ்சளில் இருந்தது. பிரேக்.

ஃப்ரேமோடு வந்தது வி-பிரேக். டிராப் பாருக்கு நான் வாங்கியது பழைய ரோடு லிவர். வி-பிரேக்குக்கு ரோடு லிவர் இழுப்பதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கேபிள் இழுக்க வேண்டும். அதற்கென்றே தனி லிவர் விற்கிறார்கள். தெரிந்துதான் இருந்தது. ஆனால் மறுபடி இரண்டாயிரத்துச் சொச்சம் செலவு செய்ய வீட்டில் வாய் திறக்க முடியவில்லை. பிரேக் கட்டையை ரிம்முக்கு ஒரு மில்லிமீட்டர் பக்கத்தில் வைத்தால் போதும், சமாளிக்கலாம் என்று நானே முடிவு செய்தேன். ஆபீஸில் இதற்கு 'வொர்க்அரவுண்ட்' என்று பெயர்.

சக்கரக் கோட்டம் எடுக்க பாய் கடைக்குப் போனேன். மேற்குத் தாம்பரத்தில் முப்பது வருடமாக சைக்கிள் கடை வைத்திருப்பவர். பிளஸ் ஒன்னில் எனக்கு அரசு கொடுத்த சைக்கிளின் போல்ட்டையெல்லாம் முதல் நாளே முடுக்கிக் கொடுத்தவர் அவர்தான். லிவரை ஒரு தடவை அமுக்கினார்.

"தம்பி, இது பாருக்கு வந்து முட்டப் பாக்குதே."

"இல்ல பாய், கட்டைய நல்லா நெருக்கி வெச்சிருக்கேன். பிடிக்குது பாருங்க."

"இன்னிக்குப் பிடிக்கும். கட்டை தேஞ்சா?"

தேய்ந்தால் மறுபடி நெருக்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. கோட்டம் எடுத்ததற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் அருமையாக ஓடியது. காலை ஐந்தரைக்குக் கிளம்பி அகரம்தென், கோவிலாஞ்சேரி, மாடம்பாக்கம் ஏரி என்று சுற்றி வருவேன். விரல் மரப்பது குறைந்திருந்தது. பிறகு மூன்று நாள் மழை. ஈரமும் மண்ணும் சேர்ந்தால் ரிம் உப்புத்தாள் மாதிரி கட்டையைத் தின்றுவிடும். அதை நான் கவனிக்கவில்லை. நான்காம் நாள் காலை தாம்பரம் மேம்பாலத்தில் ஏறி, கிழக்கே வேளச்சேரி சாலைப் பக்கம் இறங்கினேன். சரிவின் பாதியில் லிவரை அழுத்தினேன். அது பாரில் போய் முட்டி நின்றது. சக்கரம் நிற்கவில்லை.

எனக்கு முன்னால் ஒரு பையன். அரசு சைக்கிள், கேரியரில் தங்கையாக இருக்க வேண்டும், சின்னப் பெண், மடியில் இரண்டு புத்தகப் பை. டியூஷனுக்குப் போகிறவர்கள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. அவள் முகத்தில் பயம்கூட இல்லை, 'என்ன?' என்ற கேள்விதான் இருந்தது. பாலம் முடியும் இடத்தில் ஓரமாக எம்-சாண்ட் கொட்டியிருந்தார்கள். அதற்குள் சைக்கிளைத் திருப்பினேன்.

அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இடது மணிக்கட்டில் சுளுக்கு, முழங்கையில் தோல் போயிற்று. டீக்கடையிலிருந்து வந்த ஒரு அம்மா, "வயசுக்குத் தகுந்த வண்டி ஓட்டக் கூடாதா?" என்று திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றினார். வீட்டில், "மணல்ல சறுக்கிட்டேன்" என்றேன். அது பொய் இல்லை என்பதுதான் அதன் அசிங்கம். மூன்று நாள் கழித்து ஆன்லைனில் ஒரு கோடிங் டெஸ்ட். ஒரு கையால் தட்டி பாதியில் விட்டேன். விரலைக் காப்பாற்ற ஆரம்பித்த வேலை அது.

பாயிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லிவரைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "யாருக்கும் அடி இல்லையே?" என்று மட்டும் கேட்டார். "இல்ல பாய்." உள்ளே போய் ஒரு பழைய பால்பவுடர் டின்னைக் கொண்டுவந்து கவிழ்த்தார். நட்டுகளுக்கும் வாஷர்களுக்கும் நடுவே ஒரு ஜோடி கான்டிலீவர் பிரேக்.

தொண்ணூறுகளில் நம் ஊர் கியர் சைக்கிள்களிலும் வந்த சாமான் அது. வி-பிரேக் வந்தபின் எல்லோரும் கழற்றிப் போட்டுவிட்டார்கள். அதுவும் இதுவும் ஃப்ரேமில் ஒரே முளையில்தான் உட்காரும், ஆனால் கான்டிலீவருக்குக் குறைந்த கேபிள் இழுப்பு போதும். அதாவது என் பழைய ரோடு லிவருக்கு ஏற்ற ஜோடி. இதுவும் நான் படித்ததுதான், ஆனால் 'வழக்கொழிந்தவை' என்று ஸ்ப்ரெட்ஷீட்டின் வேறொரு தாளில் வைத்திருந்தேன். என் ஃப்ரேமின் பின்பக்கம் கேபிள் தாங்கிக்கான சின்ன ஓட்டை வெறுமனே இருந்ததை அவர் விரலால் காட்டினார். இந்த ஃப்ரேம் பிறந்தபோது எதற்காகப் பிறந்தது என்பது அதில் எழுதியிருந்தது. முன்பக்கத்துக்கு ஒரு தகட்டை வளைத்துத் தாங்கி செய்தார். கட்டை புதிது. மொத்தம் நானூறு ரூபாய். லிவரை அமுக்கிக் காட்டி, லிவருக்கும் பாருக்கும் நடுவே இரண்டு விரலைச் செருகினார். "இந்த எடம் எப்பவும் இருக்கணும். கெளம்பறதுக்கு முன்னாடி டெய்லி பாரு."

மணிக்கட்டு சரியானதும் ஒரு நாள் திருசூலம், பல்லாவரம் பக்கம் போனேன். அங்கே குன்றுகள் உண்டு, அல்லது உண்டு என்று சொல்லும்படி மிச்சம் உண்டு. அந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே வகைப் பாறை என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் வைத்த பெயர். வெட்டி வெட்டி, பல இடத்தில் மலை இருந்த இடம் தண்ணீர் நிற்கும் குட்டையாகிவிட்டது. மலையே இல்லாத ஊரில் எதற்கு மலைச் சைக்கிள் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். குட்டை ஓரத்தில் நின்றபோது பதில் கிடைத்தது. மலை எங்கேயும் போகவில்லை. ஜல்லியாகி எங்கள் தெருவில் கிடக்கிறது, வீடுகளுக்கு அடியில் கிடக்கிறது. அன்றைக்குப் பாலத்தடியில் என்னைத் தாங்கிய எம்-சாண்டும் எங்கோ ஒரு பாறையை அரைத்ததுதான்.

இரண்டு மாதம் கழித்து வேலை கிடைத்தது, முன்பைவிடக் குறைந்த சம்பளத்துக்கு. விரல் இன்னும் சில நாள் மரக்கிறது. டிராப் பார் அதைக் குறைத்திருக்கிறது, போக்கவில்லை. மேம்பாலத்தில் நடந்தது என்ன என்று மனைவியிடம் போன வாரம்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசிருக்கும்?" என்றாள். எட்டு இருக்கும் என்றேன்.

மறுநாள் காலை ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் வாசலுக்கு வந்தாள். ஒன்றும் சொல்லாமல் லிவரை அழுத்தி, நடுவில் இரண்டு விரலை வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.