பூனையோடு ஒரு மூதாட்டி

சில வாரங்களுக்கு முன் 'பென்ஜி' (1974) என்னும் பழைய அமெரிக்கப் படத்தை என் மகளுடன் அமர்ந்து பார்த்தேன். கடத்தப்பட்ட இரு குழந்தைகளைத் தெருநாய் ஒன்று மீட்கும் எளிய கதை. நடுவே, பூனையோடு ஒரு மூதாட்டி சில கணங்கள் வந்து போகிறார். பாத்திரப் பட்டியலில் அவருக்குப் பெயரில்லை. 'பூனையுடன் இருக்கும் பெண்மணி', அவ்வளவே.

நடித்தவர் பிரான்சஸ் பேவியர். 1902இல் நியூயார்க்கில் பிறந்தவர். நாடக மேடையிலிருந்து வந்தவர். 1960 முதல் 1968 வரை ஒளிபரப்பான 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ' தொடரில், தாயற்ற சிறுவனை வளர்க்கும் 'ஆன்ட் பி' என்னும் அத்தையாக அமெரிக்க வீடுகளில் குடியேறியவர். அதற்காக 1967இல் எம்மி விருதும் பெற்றார்.

'பென்ஜி'யோ பெரிய நிறுவனங்கள் வெளியிட மறுத்த படம். இயக்குநர் ஜோ கேம்ப் டெக்சாஸின் சிறு நகரங்களில் ஏறத்தாழ 5 லட்சம் டாலரில் எடுத்து, தாமே வெளியிட்டார். இத்தகைய படத்தில், பெயரற்ற வேடத்தில், எழுபதைக் கடந்த எம்மி நடிகை! முதலில் எனக்கு இரக்கமே தோன்றியது. அதுவே அவரது கடைசித் திரைப்படம் என்றறிந்தபோது அது இன்னும் மிகுந்தது.

பிறகு யோசித்தேன். 1972இல் அவர் வட கரோலினாவின் சைலர் சிட்டி என்னும் சிற்றூரில் குடியேறினார். அங்கும் ரசிகர்கள் தேடி வந்தது ஆன்ட் பியைத்தான், பிரான்சஸை அன்று. அப்படிப்பட்டவருக்குப் பெயரற்ற அந்தச் சில கணங்கள் இறக்கமாக அன்றி, ஓர் இளைப்பாறலாகவும் இருந்திருக்கலாம் அல்லவா?

வேடிக்கை என்னவென்றால், அந்த நாயின் இயற்பெயர் ஹிக்கின்ஸ். அதுவும் 'பெட்டிகோட் ஜங்ஷன்' என்னும் தொலைக்காட்சித் தொடரில் நடித்து ஓய்ந்திருந்த முதிய நாய்தான். படம் பெருவெற்றி பெற்றது. ஹிக்கின்ஸ் மறைந்து பென்ஜி நிலைத்தது. அத்தைக்கு நேர்ந்ததே நாய்க்கும் நேர்ந்தது.

குறுந்தொகை நடத்தும்போது செம்புலப்பெயனீராரைப் பற்றி மாணவர்களிடம் பெருமிதத்தோடு சொல்வேன்: எழுதிய தொடரே பெயராகிவிட்டது, இதைவிடப் பெரும்பேறு ஒரு கலைஞனுக்கு உண்டோ என்று. ஆண்டுதோறும் அதையே சொல்லி வந்திருக்கிறேன். அவருக்கும் ஒரு தாய் பெயரிட்டு அழைத்திருப்பாள், அது நமக்குக் கிடைக்கவில்லை என்பதை ஒருமுறையும் சொன்னதில்லை.

பிரான்சஸ் பேவியர் 1989 டிசம்பரில் சைலர் சிட்டியில் காலமானார். அவரது கல்லறையில் இயற்பெயரோடு 'ஆன்ட் பி' என்றும் பொறித்திருக்கிறார்கள். இரண்டும் இருப்பதில் எனக்கு ஓர் ஆறுதல். அடுத்த முறை குறுந்தொகை நடத்துகையில், அந்தப் பெருமிதத்தைச் சொல்லிவிட்டு, தொலைந்துபோன பெயருக்காகவும் ஒரு கணம் நிற்பேன்.